சிறு பிள்ளைகளின் வாசிப்பும் எழுத்தும்: வீட்டில் நாம் செய்யக்கூடியவை

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் சலரோகத்தைப் பற்றியோ பிறசரைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். தலைப்பை நானே தெரிவு செய்யலாம் என்று செயலாளர் சொன்னபடியால், மருந்துத் துண்டில் எழுத முடியாத ஒரு விடயத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நமது வீடுகளில் ஐந்து, ஆறு, ஏழு வயதில் இருக்கும் பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் பழகும் காலத்தில் நாம் அவர்களுக்கு எப்படித் துணை நிற்கலாம் என்பதே அது.

இது வைத்தியருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பாடசாலை நாட்களில் காலையில் வயிற்றுக்குத்து என்று கொண்டுவரப்படும் பிள்ளைகளை நான் அடிக்கடி காண்கிறேன். சோதித்துப் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது. "சனி, ஞாயிறிலும் நோகிறதா?" என்று கேட்டால், "இல்லை டொக்டர்" என்பார் தாய். மெல்ல மெல்ல விசாரித்தால் கதை வெளியே வரும். வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொல்கிறார்கள், வாசிக்க வரவில்லை, மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், வீட்டுக்கு வந்தால் அதே புத்தகத்தை வைத்து அடியும் ஏச்சும். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. பயம் வயிற்றில் உண்மையாகவே நோவாகத் தெரியும். ஆறு வயதில் எழுத்தைக் கண்டு பயப்படத் தொடங்கும் பிள்ளை, பத்து வயதில் படிப்பையே வெறுத்துவிடும். ஆகவே இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் ஒன்றுதான்: வீட்டை இன்னொரு வகுப்பறையாக்க வேண்டாம். வகுப்பறையில் செய்ய முடியாததை வீட்டில் செய்வோம்.

அப்படி வீட்டில் மட்டும் செய்யக்கூடியது எது? முதலாவது, காதுக்கு விருந்து வைப்பது.

நாங்கள் வீட்டில் கதைக்கும் தமிழும் புத்தகத்தில் இருக்கும் தமிழும் ஒன்றல்ல. "அம்மா கடைக்குப் போட்டா, பிறகு வருவா" என்று நாங்கள் சொல்வோம். புத்தகத்தில் "அம்மா கடைக்குச் சென்றுவிட்டார், பின்னர் வருவார்" என்று இருக்கும். "நான் வாறன்" என்பது புத்தகத்தில் "நான் வருகிறேன்" ஆகிவிடும். வளர்ந்த எமக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் "சென்றுவிட்டார்" என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறையும் கேட்டிராத ஐந்து வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அது எழுத்தையும் கூட்ட வேண்டும். கூட்டி முடித்தபின் வரும் சொல் என்னவென்றும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு சுமை. அந்தச் சொல்லை முன்பே பத்துத் தடவை கதையில் கேட்டிருந்தால், பாதி எழுத்தைக் கூட்டும்போதே பிள்ளை அதை அடையாளம் கண்டுவிடும்.

ஆகவே பிள்ளைக்கு நாள்தோறும் வாசித்துக் காட்டுங்கள். கதையை எமது பேச்சில் சொல்வதும் நல்லதுதான், அது வேறு பயன். ஆனால் புத்தகத்தில் இருப்பதை இருப்பதுபோலவே வாசித்துக் காட்டுவது புத்தகத் தமிழைப் பிள்ளையின் காதுக்குச் சொந்தமாக்கும். பிள்ளை முன்பள்ளிக்குப் போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டும் என்று 2014 இல் தன் வைத்தியர்களுக்குச் சொன்னது. பொஸ்ரன் நகர வைத்தியசாலையொன்றில் 1989 இலேயே பிள்ளைகளைப் பரிசோதிக்கும்போது கையில் ஒரு கதைப் புத்தகமும் கொடுத்தனுப்பும் வழக்கம் தொடங்கிவிட்டது. தடுப்பூசி போடும் இடத்தில் புத்தகம் கொடுத்த அந்த வைத்தியர்களை நான் மதிக்கிறேன்.

எனது வயதுக்காரருக்கு இது புதிய செய்தியல்ல. 1990 களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தங்கத்தின் மதிப்பு. ஜாம் போத்தல் விளக்கொன்றைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இருக்க, வெளிச்சம் ஒருவருடைய புத்தகத்துக்குத்தான் போதும். ஆகவே பெரியவள் உரத்து வாசிப்பாள்; சின்னவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்தை யாரும் திரும்ப விரும்பமாட்டோம். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சின்னவர்கள் தங்கள் முறை வந்தபோது தடுமாறாமல் வாசித்தார்கள் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

காதுக்கு இன்னொரு பயிற்சியும் வேண்டும். சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் பழக்கம் அது. இதற்குப் புத்தகமும் வேண்டாம், கொப்பியும் வேண்டாம். சைக்கிளில் முன்னால் இருத்திக்கொண்டு போகும்போதே விளையாடலாம். "பூமாலையில் பூவை எடுத்தால் என்ன மிச்சம்?" "மாலை." "மாலையில் மாவை எடுத்துவிட்டுக் காவைப் போட்டால்?" "காலை." "பாவைப் போட்டால்?" "பாலை." ஒரு சொல்லுக்கு எத்தனை தட்டு என்று கைதட்டி எண்ணலாம்: பப்-பா-சி, மூன்று தட்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டையும் கத்தரி வெருளியையும் எமது முன்னோர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்ததன் பயனும் இதுவே. எதுகையும் மோனையும் காதில் ஏறிய பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் பொருந்துவது இலகு.

அடுத்தது எழுத்துகள். தமிழில் 247 எழுத்துகள் என்று கேட்டதும் இளம் தாய்மார் பயந்துவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு அரவு, கொம்பு, சுழி முதலான குறிகளைத் தெரிந்துகொண்டால் மிகுதியைப் பிள்ளை தானாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் எங்கே கல் தடக்கும் என்று பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

"கெ", "கே", "கை" ஆகியவற்றில் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன. ஆனால் ஒலியில் அவை பின்னால் வருகின்றன. "கொ", "கோ" வில் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் ஒரு வரிசையில் காண்கிறது, வாய் வேறு வரிசையில் சொல்ல வேண்டியிருக்கிறது. உகரமும் ஊகாரமும் இன்னொரு தடக்கல்: கு, சு, து, மு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வால். இந்த இடங்களில் பிள்ளை நின்றுவிட்டால் அது மந்தம் அல்ல. அந்த எழுத்துகள் உண்மையாகவே கடினமானவை. அதேபோல ன, ண, ள என்பனவும் ப, ய, ம என்பனவும் தோற்றத்தில் கிட்டக்கிட்ட இருப்பவை. அவற்றை ஒரே நாளில் சேர்த்துப் படிப்பிக்காதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்தபின் மற்றதைக் காட்டுங்கள்.

ஒரு பிள்ளை "வாழைப்பழம்" என்பதை "வாளைப்பளம்" என்று எழுதினால் அடிக்கக் கை ஓங்குமுன் ஒரு கணம் யோசியுங்கள். எங்களில் எத்தனை பேர் அன்றாடப் பேச்சில் ழகரத்தைச் சரியாகச் சொல்கிறோம்? நாங்கள் சொன்னதைத்தான் அது எழுதியிருக்கிறது. அதன் காது சரியாக வேலை செய்கிறது. ஒலியைக் கேட்டு எழுத்தாக்கத் தெரிந்துவிட்டது என்று மகிழ்ந்துவிட்டு, "புத்தகத்தில் இதை இப்படி எழுதுவார்கள்" என்று காட்டிக்கொடுங்கள்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்று கேட்பார்கள். பாடசாலை தன் ஒழுங்கில் படிப்பிக்கட்டும். வீட்டில் பிள்ளைக்கு ஆசையான எழுத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் அதன் சொந்தப் பெயர். பிறகு அம்மா, அப்பா, பட்டம், பூனை. பெயரில் இருக்கும் எழுத்தைக் கடைப் பலகையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் கண்டு "என்ர எழுத்து!" என்று கத்தும் பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டது.

இனிக் கையைப் பற்றிச் சொல்கிறேன். மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பும் உருவாக ஒன்பது வயதுக்கு மேலும் ஆகும். விரல்களைத் தனித்தனியே அடக்கி அசைக்கும் திறனும் படிப்படியாகத்தான் வரும். நாலு வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து இரட்டைறூள் கொப்பியில் ஒரு பக்கம் "அ" எழுது என்பது நியாயமில்லை. எமது மரபுக்கு இது தெரிந்திருக்கிறது. ஏடு தொடக்கும்போது பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்துத்தானே எழுதுகிறோம்? முதல் எழுதுகோல் விரல்தான்.

கை பலப்பட வேண்டுமென்றால் பிள்ளையைக் குசினிக்குள் விடுங்கள். முருங்கையிலை உருவட்டும், பயத்தங்காய் முறிக்கட்டும், ரொட்டி மாவை உருட்டட்டும், பூ கோக்கட்டும். எழுதுவதற்குத் தேவையான அதே விரல்கள்தான் இந்த வேலைகளையும் செய்கின்றன. முற்றத்து மணலில் தடியால் பெரிதாக எழுதட்டும். ஈரத் துணியால் சீமெந்து நிலத்தில் எழுதட்டும். புளியங்கொட்டையை அடுக்கி "ட" வும் "ப" வும் செய்யட்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் மட்டும் கொட்டைகள் வேண்டாம். மூக்குக்குள் புளியங்கொட்டையோடு வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பெரிதாக எழுதிப் பழகிய எழுத்து மெல்ல மெல்லக் கொப்பிக்குள் அடங்கும். இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற வேண்டாம். ஆறு, ஏழு வயதுவரை சில எழுத்துகளைத் திருப்பிப்போட்டு எழுதுவதும் வழமைதான்.

எழுதுவதற்கு ஒரு காரணத்தையும் கொடுங்கள். "இருபது தரம் எழுது" என்பது தண்டனை, காரணம் அல்ல. கடைக்குப் போகும் துண்டில் "சீனி" என்று எழுதுவது காரணம். குசினிப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டுவது காரணம். கனடாவில் இருக்கும் அப்பப்பாவுக்கு இரண்டு வரி எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புவது மிக நல்ல காரணம்.

நேரம் எவ்வளவு? பத்து நிமிடம். கிழமையில் ஒருநாள் ஒரு மணித்தியாலத்தை விட, நாளுக்குப் பத்து நிமிடம் மேல். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரோ நித்திரைக்கு முன்னரோ ஒரே நேரத்தில் செய்யுங்கள். ரிவியையும் தொலைபேசியையும் நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள். பிறகு வரியின் கீழ் விரலை வைத்து இருவரும் சேர்ந்து வாசியுங்கள். கடைசியில் ஓரிரு வரியைப் பிள்ளை தனியே வாசிக்கட்டும். தடுமாறினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே போங்கள். "தொடக்கத்திலிருந்து வாசி" என்று திருப்பி அனுப்ப வேண்டாம். எழுதியதில் ஐந்து பிழை இருந்தால் இன்றைக்கு ஒன்றை மட்டும் திருத்துங்கள். அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். உங்களுக்கு அலுத்துப்போன கதையில்தான் பிள்ளை சொற்களைப் பிடிக்கிறது. பிள்ளை கொட்டாவி விடுமுன் புத்தகத்தை மூடிவிடுங்கள்; நாளைக்கு அதுவே எடுத்துக்கொண்டு வரும்.

"மொக்கு" என்ற சொல்லை வீட்டில் தடை செய்யுங்கள். "அக்கா உன்னுடைய வயதில் எப்படி வாசித்தாள் தெரியுமா?" என்ற ஒப்பீட்டையும் அதோடு சேர்த்துத் தடை செய்யுங்கள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் இன்று தரம் ஒன்றிலேயே விழுகிறது. ஆறு வயதில் ரியூசனுக்கு அனுப்பிப் பின்னேரத்தைப் பறிப்பதிலும் பார்க்க, அந்தப் பின்னேரத்தில் விளையாடவிட்டு, இரவில் பத்து நிமிடம் வாசித்தால் பயன் கூட.

வேலைக்குப் போகும் தாய்க்கு இதற்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள். இது தாயின் தனிக் கடமையல்ல. அப்பா வாசிக்கலாம், மாமா வாசிக்கலாம். எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் இதில் மிகச் சிறந்த துணை. "எனக்குக் கண் தெரியேல்ல, நீ வாசிச்சுக் காட்டு ராசாத்தி" என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க அவரைப் போல வேறு யாரால் முடியும்? பிழை பிடிக்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டும்போது பிள்ளைக்கு வரும் துணிவு வேறெதிலும் வராது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு மொழி பழகினால் பிள்ளை குழம்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு மொழிகளில் வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாவதில்லை. தமிழில் முதலில் கதையுங்கள். பேச்சு இல்லாத வீட்டில் எழுத்து ஒட்டாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் வீட்டுப் பாடத்தை ஞாயிறு இரவு அவசரமாக முடிப்பதைவிட, ஊரில் இருக்கும் அம்மம்மா தொலைபேசித் திரையில் ஒரு கதை வாசிப்பது நல்லது. திரையைப் பற்றிக் கேட்டால், இரண்டு தொடக்கம் நாலு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அதற்குக் குறைந்தவர்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. பேரப்பிள்ளையோடு முகம் பார்த்துக் கதைப்பதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன்.

இவ்வளவு செய்தும் சில பிள்ளைகளுக்கு வாசிப்பு வராது. அங்கேதான் வைத்தியராக என் முக்கிய வேண்டுகோள் இருக்கிறது. தரம் இரண்டு தொடங்கியும் எழுத்தையும் ஒலியையும் சேர்க்க முடியவில்லையென்றால், "வளர வரும்" என்று காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணைச் சோதியுங்கள். புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறதா, ஒரு கண்ணைச் சுருக்குகிறதா என்று பாருங்கள். பிறகு காது: அடிக்கடி காதில் சீழ் வடிந்த பிள்ளைக்கு "ல" வும் "ள" வும் ஒன்றாகவே கேட்கலாம். இரும்புச்சத்துக் குறைந்தால் கவனம் நிற்காது. காலைச் சாப்பாடு இல்லாமலும் நித்திரை போதாமலும் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது. இவை எல்லாம் எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை, திருத்தக்கூடியவை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்பாடு இருக்கலாம். இது புத்திக்குறைவு அல்ல, சோம்பலும் அல்ல. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. ஆண்பிள்ளை குழப்படி செய்வதால் கண்ணில் படுவான். பெண்பிள்ளையோ சத்தமில்லாமல் பின்வரிசையில் இருந்து, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு முழுப்பக்கத்தையும் பாடமாக்கிவிடுவாள். கொப்பி துப்புரவாக இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதியிருப்பாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது தரம் நாலு, ஐந்து வரை யாருக்கும் தெரியாமலே போகலாம். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பக்கத்தின் நடுவே ஒரு சொல்லில் விரலை வைத்து, அதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். படத்தை மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவள் முழித்தால் ஏச வேண்டாம். வகுப்பாசிரியருடன் கதையுங்கள். உங்கள் வைத்தியர் மூலமாகவோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலமாகவோ குழந்தை வைத்திய நிபுணரிடம் போங்கள். முறையாகவும் பொறுமையாகவும் கற்பித்தால் இந்தப் பிள்ளைகளாலும் வாசிக்க முடியும். எவ்வளவு முந்திக் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு இலகு.

பெண்பிள்ளைகள் எழுதப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் நூறு வருடங்களுக்கு முன் இந்தக் கல்லூரியின் கதவு திறக்கப்பட்டது. கதவு திறந்திருந்தும் வாசிக்க முடியாமல் உள்ளே இருக்கும் ஒரு பிள்ளையை நாம் காணாமல் விட்டால், அந்த நோக்கம் நிறைவேறியதாகாது.

ஆகவே நூற்றாண்டு நினைவாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். கட்டடமும் கணினியும் கொடுக்கும் சகோதரிகளுக்கு நன்றி. அதோடு, ஒவ்வொரு வகுப்புத் தோழியர் குழுவும் தமக்குக் கிட்டவுள்ள ஒரு முன்பள்ளியையோ சனசமூக நிலைய வாசிகசாலையையோ பொறுப்பெடுத்து, படங்களுடன் கூடிய இருபது நல்ல தமிழ்க் கதைப் புத்தகங்களைக் கொடுக்கலாம். புத்தகத்தை அலுமாரியில் பூட்டி வைக்காமல், கிழமையில் ஒருநாள் போயிருந்து வாசித்தும் காட்டலாம். ஓய்வுபெற்ற எங்கள் ஆசிரியர்கள் கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா? வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் குரலில் ஒரு கதையை வாசித்துப் பதிந்து அனுப்பலாம்.

அதுவும் முடியாதவர்கள் இன்றிரவு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். அதற்கு மருந்துத் துண்டும் தேவையில்லை, காசும் தேவையில்லை.